அங்குலத்துக்கு ஏழு

இருபத்தாறு அங்குலம்: எண்ணூற்று முப்பத்தெட்டு.
வினாடிக்கு இத்தனை மீட்டர் என்பது தலைப்பிலேயே இருக்கிறது,
ஒவ்வொரு வரியிலும் எழுதாதே என்றான் ரொடேலியோ.

அல் ஐனுக்கு வெளியே, ஹஃபீத் மலை
இன்னும் நிறம் எடுக்காத காலை ஆறு மணி.
வேகமானி இரண்டு கண்ணோடு முக்காலியில் நிற்கிறது.
அதன் முன்னால் ஒட்டகம் வராமல் பார்ப்பதும் என் வேலை,
ஒப்பந்தத்தில் அது இல்லை.

முதலாளி ஹுமைதுக்கும் அவர் மைத்துனருக்கும் பந்தயம்:
குழல் குட்டையானால் எவ்வளவுதான் குறைந்துவிடும்?
அதனால் ஒரு நல்ல குழலை
ஒவ்வொரு அங்குலமாக அறுக்கிறோம்.
ரொடேலியோ அறுப்பான், வாயை மழிப்பான், ஐந்து தடவை சுடுவான்.
நான் சராசரி எடுப்பேன்.

இருபத்தைந்து: எண்ணூற்று முப்பத்திரண்டு.
இருபத்துநான்கு: எண்ணூற்று இருபத்தைந்து.

மருந்து எரிந்து புகையாகி முதுகில் தள்ளுகிறது, என்றான்,
குழலுக்குள் இருக்கும்வரைக்கும்தான் அந்தத் தள்ளு.
வாய் தாண்டினால் ஒருவரும் தள்ளுவதில்லை,
வெளிக்காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும்.
முதல் சாணிலேயே பாதிக்குமேல் ஏறிவிடும்;
கடைசி அங்குலங்கள் வெறும் சில்லறை.
அப்படியென்றால் ஒரு மைல் நீளக் குழல்? என்றேன்.
உள்ளேயே நின்றுவிடும். உரசல் வென்றுவிடும்.

அந்த ஒரு மைல் குழலை
நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்குத் துவக்கு என்று பேர். சன்னத்துக்கு ரவை.
அறையில் காயல்பட்டினத்துச் சதக்கு சிரிப்பான்:
ரவை என்றால் உப்புமா மச்சான்,
துவக்கு என்றால் ஆரம்பி.
நானும் சிரிப்பேன். ஆரம்பிக்க மாட்டேன்.

இருபது: எழுநூற்றுத் தொண்ணூற்றேழு.
தோட்டாப் பெட்டி ஒன்றை வண்டிக்கண்ணாடிக்குக் கீழே
வெயிலில் மறந்துவிட்டோம்.
பதினொரு மணிக்கு அதே இருபதில், அந்தப் பெட்டியில் ஐந்து:
எண்ணூற்றுப் பதின்மூன்று.
ரொடேலியோ இருமுறை பார்த்தான். சூடேறிய மருந்து.
அரம் தின்ற இரண்டு அங்குலத்தை
ஆவணி வெயில் திருப்பித் தந்திருந்தது.
இதை எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை.

வேலைக்கு வந்த நாள் படிவத்தில் கேட்டிருந்தார்கள்,
ஆயுத அனுபவம் உண்டா?
இல்லை என்று எழுதினேன். பொய்யில்லை.
நான் இருந்தது எப்போதும் மற்ற முனையில்.
அங்கே முதலில் மண் தெறிக்கும்,
சத்தம் பிறகுதான் வந்து சேரும்.
பங்கருக்குள் எங்களோடிருந்த தபால்காரர் பேரின்பநாயகம்
அந்த இடைவெளியை எண்ணி இடம் சொல்லுவார்:
ஒன்று என்று சொல்லி முடிக்குமுன் வந்தால் ஆலடி,
முடித்தபின் வந்தால் பாலத்தடி.
சராசரி எடுக்க அவரிடம் காகிதம் இருக்கவில்லை.
கடிதங்கள் இருந்தன, அவற்றின் பின்பக்கத்தில்
அவர் எழுதச் சம்மதிக்கவில்லை.

பதினெட்டு: எழுநூற்று எண்பத்துநான்கு.
வேகம் குறையக் குறையச் சத்தம் கூடுகிறது.
உள்ளே எரிந்து முடியாதது வெளியே வந்து எரிகிறதாம்.
காதுமூடி போட்டிருந்தேன்.
தோளுக்குத்தான் மூடி இல்லை, அது தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.
குளிரா? என்றான் ரொடேலியோ, நாற்பத்தாறு பாகையில்.

பதினாறு: எழுநூற்று எழுபது.
வாயில் ஒரு முழம் மஞ்சள் தீ.

மேசையில் பத்து இரும்பு வளையங்கள்,
பொலிஸிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.
ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.
உள்ளே ஆறு கீறல், இலேசாக வலம் சுழன்று.
அதற்குள் ஹஃபீத் மலை முழுவதும் அடங்கியது.

ஹுமைத் பகல் தொழுகை முடித்து வந்தார்.
மொத்தம் அறுபத்தெட்டு, என்றேன்.
அவ்வளவுதானா? என்றார்.
பந்தயத்தில் வென்றாரா என்று முகத்தில் தெரியவில்லை.

கோது அறுபது, வளையம் பத்து, கையெழுத்து.
குறிப்பு என்ற கட்டம் மட்டும் காலி.
பேனாவை அதன்மேல் நெடுநேரம் வைத்திருந்தேன், மை ஊறிவிட்டது.
வெயில், என்று எழுதினேன்.
தலை நிமிர்ந்தால்
ஒட்டகம் ஒன்று வந்து முக்காலியை முகர்ந்துகொண்டிருந்தது.